ஆன்டெனா மாட்டியிருக்கிறதா? ரீடர் கண்டுபிடிக்கும் நான்கு வழிகளில் எது உங்கள் இடத்துக்குச் சரி

கிடங்கு வாசலில் நான்கு போர்ட் கொண்ட யூஎச்எஃப் ஆர்எஃப்ஐடி ரீடர், பெட்டிகளில் ஒட்டிய டேக் என்னும் சில்லை ரேடியோ அலையால் படிக்கும் கருவி. மூன்றாவது ஆன்டெனா இறுக்கமாக மாட்டித்தான் இருக்கிறது, ஆனால் ரீடரின் திரையில் ‘போர்ட் 3: இணைப்பு இல்லை’. அடுத்த வாசலில் இதற்குத் தலைகீழ்: நான்கு போர்ட்டும் பச்சை, ஆனால் இடதுபக்கம் போகும் பெட்டிகளில் பாதி பதிவாவதே இல்லை. இரண்டு வாசலிலும் ரீடர் பழுதில்லாமல் இருக்கலாம். ஆன்டெனாவை நேராகப் பார்க்கும் கண் ரீடருக்குக் கிடையாது. ஆன்டெனா இருந்தால் வழக்கமாகத் தென்படும் ஏதோ ஓர் அடையாளத்தை அது தேடுகிறது. ஒரு ரீடர் தேடும் அடையாளம் வேறு, இன்னொன்று தேடுவது வேறு.

புதிதாக ரீடரும் ஆன்டெனாவும் வாங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ‘10 கிலோஓம் ரெசிஸ்டர் வைத்த ஆன்டெனாதான் வாங்க வேண்டும்’ என்கிறார் ஒருவர். ‘ரிட்டர்ன் லாஸ் (அலை எவ்வளவு திரும்பி வருகிறது என்பது) பார்க்கும் ரீடர் என்றால் எந்த ஆன்டெனாவும் ஓடும்’ என்கிறார் இன்னொருவர். இருவர் சொல்வதும் அவரவர் ரீடருக்குச் சரி.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, எந்தப் பழுதைப் பிடிக்க வேண்டும் என்பது. கனெக்டர் கழல்வது, கேபிள் நடுவில் அறுவது, நடுக்கம்பியும் வெளிவலையும் ஒட்டி ஷார்ட் ஆவது, கேபிளுக்குள் தண்ணீர் இறங்குவது, தப்பான அலைவரிசை ஆன்டெனாவை மாட்டுவது, ஃபோர்க்லிஃப்ட் இடித்து ஆன்டெனா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வது என்று ஆறு பழுதுகள் உண்டு. ஆறையும் பிடிக்கும் ஒரே வழி கிடையாது.

இரண்டாவது, அந்த வழி எந்தப் பக்கம் பொய் சொல்லும் என்பது. நல்ல ஆன்டெனாவை இல்லை என்பது வீண் அலாரம். கெட்டதை இருக்கிறது என்பது பொய் ஆறுதல். வீண் அலாரம் எரிச்சலூட்டும், ஆனால் யாராவது ஏணி வைத்து ஏறிப் பார்ப்பார்கள். பொய் ஆறுதலை மாதக் கடைசியில் சரக்கு எண்ணிக்கை உதைக்கும்போதுதான் கவனிப்பார்கள். இந்த ஒப்பீட்டில் பொய் ஆறுதலுக்குத்தான் அதிக மதிப்பெண் குறைத்திருக்கிறோம்.

மற்றவை சிறியவை, ஆனால் செலவு ஒளிந்திருப்பது இவற்றில்தான்: ஆன்டெனா தேர்வைக் கட்டுப்படுத்துகிறதா, நடுவே ஸ்ப்ளிட்டர் (அலையைப் பிரிப்பது), இடிதாங்கி, ஹப் (ஒரு போர்ட்டைப் பல ஆன்டெனாவுக்குப் பிரித்துக் கொடுப்பது) வைத்தால் தாங்குமா, தொடர்ந்து பார்க்குமா அல்லது ரீடர் எழும்போது ஒரு தடவை மட்டுமா, ரீடரின் பவர் ஆம்ப்ளிஃபையரைக் காப்பாற்றுமா. கடைசியை அலட்சியம் செய்ய வேண்டாம். ரீடர் 30 டிபிஎம் சக்தியில் அனுப்பினால் அது 1 வாட். திறந்து கிடக்கும் போர்ட்டில் அது முழுவதும் திரும்பி வரும். எல்லா ஆம்ப்ளிஃபையரும் அதைத் தாங்கும்படி செய்யப்படுவதில்லை.

## 1. டிசி மின்தடை பார்ப்பது

ரீடர் ஆன்டெனா கேபிளின் நடுக்கம்பியில் சிறு டிசி மின்னழுத்தம் வைக்கிறது. ஆன்டெனாவுக்குள் நடுக்கம்பிக்கும் வெளிவலைக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர், பெரும்பாலும் 10 கிலோஓம். ரீடருக்குள்ளும் 10 கிலோஓம் ரெசிஸ்டர் 3.3 வோல்ட்டிலிருந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆன்டெனா இருந்தால் நடுவில் 1.65 வோல்ட், கழன்றால் 3.3, ஷார்ட் என்றால் 0. ஓடும் மின்னோட்டம் 0.165 மில்லிஆம்பியர்தான். ரேடியோ அலைக்கு 10 கிலோஓம் இருப்பதே தெரியாது: 50 ஓமுக்கு இணையாக வைத்தால் 49.75 ஓம்.

வேகம், மலிவு, தெளிவு மூன்றும் இதற்கு உண்டு. அலையை வெளியே விடும் முன்பே பதில் கிடைத்துவிடுவதால் ஆம்ப்ளிஃபையருக்கு ஆபத்தில்லை. அனுப்பவும் வாங்கவும் தனித்தனி ஆன்டெனா வைத்த ரீடர்களில், வாங்கும் போர்ட்டைச் சோதிக்க இதை விட்டால் எளிய வழி கிடையாது, ஏனென்றால் அந்தப் போர்ட் அலையே அனுப்பாது.

சிக்கல் ஆன்டெனாவின் உள்ளமைப்பில் தொடங்குகிறது. பேட்ச் ஆன்டெனாக்கள் (தட்டையான பலகை வகை) மூன்று ஜாதி. சிலவற்றில் 10 கிலோஓம் வைத்தே வரும். சிலவற்றில் நடுக்கம்பி நேராகத் தரையோடு சேர்ந்திருக்கும், நிலைமின்சாரம் தேங்காமல் இருப்பதற்காக. மல்டிமீட்டரில் 0 காட்டும். வேறு சிலவற்றில் தொடர்பு கபாசிட்டர் போல இடைவெளி வழியாக. மல்டிமீட்டருக்கு அது திறந்த கம்பி. இந்த மூன்றாவது ஜாதி எவ்வளவு நல்ல ஆன்டெனாவாக இருந்தாலும், டிசி பார்க்கும் ரீடர் அதை ‘இல்லை’ என்றுதான் சொல்லும். தொடக்கத்தில் சொன்ன மூன்றாவது போர்ட்டின் கதை பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது ஜாதியில் ஆபத்து எதிர்ப்பக்கம். 10 கிலோஓமுக்குக் கீழே எது இருந்தாலும் ‘இருக்கிறது’ என்று ஏற்றுக்கொள்ளும் ரீடர்கள் உண்டு. அவற்றுக்குத் தரையோடு சேர்ந்த நல்ல ஆன்டெனாவும், கனெக்டரில் ஒரு இழை கம்பி ஒட்டி ஷார்ட் ஆன கேபிளும் ஒன்றுதான். ரீடர் வாங்கும் முன் கேட்க வேண்டியது ‘ஆன்டெனா கண்டறிதல் உண்டா’ என்பதல்ல. ‘எந்த மின்தடையிலிருந்து எதுவரை ஏற்கும், 0 ஓமை என்னவென்று எடுத்துக்கொள்ளும்’ என்று கேளுங்கள். விற்பவர் தடுமாறினால் ஆவணத்தைக் கேளுங்கள்.

இம்பின்ஜ் ஆர்2000 சிப்பை வைத்துச் செய்த தொகுதிகளில் இந்த எல்லையை ஓம் கணக்கிலேயே மாற்றலாம். அளந்த மதிப்பு எல்லையைத் தாண்டினால் ஆன்டெனா இல்லை என்று எடுத்துக்கொள்ளும். எல்லையை உச்சத்தில் வைத்தால் சோதனை நடந்தும் நடக்காத கதைதான்.

நடுவே வைக்கும் சாமான்கள் டிசி சோதனையைக் குழப்புவதில் கெட்டிக்காரர்கள்:

- ஸ்ப்ளிட்டர்: பொதுவாக டிசி எல்லாப் பக்கமும் போகும். இரண்டு ஆன்டெனாவும் இருந்தால் 5 கிலோஓம், ஒன்று கழன்றால் 10. இரண்டுமே ரீடருக்கு ‘இருக்கிறது’.
- கால் அலைநீள இடிதாங்கி: டிசிக்கு நிரந்தர ஷார்ட். பின்னால் ஆன்டெனாவே இல்லாவிட்டாலும் 0 ஓம். வாயுக்குழாய் வகை டிசியைக் கடத்தும், அதைத் தாராளமாக வைக்கலாம்.
- அட்டென்யுவேட்டர் (அலையைக் குறைப்பது), 50 ஓம் மூடி: இரண்டும் தரைக்குக் குறைந்த மின்தடை காட்டும். பயன்படுத்தாத போர்ட்டில் மாட்டிய மூடியை ரீடர் ஆன்டெனா என்றே நம்பும், அதற்கும் முறை வைத்து அலை அனுப்பி நேரத்தை வீணாக்கும்.

ரெசிஸ்டர் இல்லாத ஆன்டெனாவைச் சேர்க்க வேண்டுமானால், ஆன்டெனாவைத் திறந்து ஊட்டுமுனையில் 10 கிலோஓம் சிப் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைக்கலாம். 0603 அளவு போதும். நீளக் கால் கொண்ட ரெசிஸ்டர் வேண்டாம், 866 மெகாஹெர்ட்ஸில் அந்தக் கால்களே இண்டக்டர் ஆகிவிடும். நீர் புகாத மூடி கொண்ட ஆன்டெனா என்றால் திறந்த அந்த நிமிடமே உத்தரவாதமும் அடைப்பும் போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ரீடர் பக்கத்தில் ஒரு டி கனெக்டரில் ரெசிஸ்டரை மாட்டி ‘சரிசெய்யும்’ வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். கேபிள் அறுந்து தரையில் கிடந்தாலும் ரீடர் பச்சை காட்டும். அதற்கு அந்தப் போர்ட்டில் கண்டறிதலை நிறுத்திவிடுவதே நேர்மை.

சந்தேகம் வந்தால் மல்டிமீட்டர் சோதனை ஒரு நிமிட வேலை. கேபிளை ரீடர் முனையில் கழற்றி, நடு ஊசிக்கும் கனெக்டரின் வெளி ஓட்டுக்கும் நடுவே அளவெடுங்கள். 10 கிலோஓம் அருகே வந்தால் கேபிளும் ரெசிஸ்டரும் சரி. எல்லையற்றது என்றால் அறுந்திருக்கிறது, அல்லது மூன்றாவது ஜாதி ஆன்டெனா. 0 வந்தால் ஆன்டெனா முனையிலும் கழற்றி மறுபடி அளவெடுங்கள். அப்போதும் 0 என்றால் கேபிள்தான் ஷார்ட்.

சொந்தமாகப் பலகை வடிவமைப்பவர்களுக்கு ஒரு சொல். டிசியை ஊட்டும் இண்டக்டருக்குப் பின்னால் வடிகட்டும் கபாசிட்டர் கட்டாயம். 1 வாட் அலை 50 ஓமில் 10 வோல்ட் உச்சம். போர்ட் திறந்திருந்தால் அது 20 வரை ஏறும். இதில் கொஞ்சம் கசிந்து மைக்ரோகன்ட்ரோலரின் பாதுகாப்பு டயோடில் பட்டால் அது டிசியாக மாறி அளவைத் தள்ளிவிடும். ‘அலை அனுப்பும்போது மட்டும் ஆன்டெனா மறைந்து மறைந்து வருகிறது’ என்றால் முதலில் இங்கே பாருங்கள். அலை அனுப்பாத இடைவெளியில் அளவெடுப்பது எளிய தீர்வு.

எங்கே பொருத்தம்: ரீடரும் ஆன்டெனாவும் ஒரே நிறுவனத்திலிருந்து சேர்ந்து வாங்கும்போது. கேபிள் நேராக, நடுவில் எதுவும் இல்லாதபோது. அடிக்கடி கழற்றி மாட்டும் இடங்களில்.

## 2. திரும்பி வரும் அலையை அளப்பது

இங்கே ரீடர் குறைந்த சக்தியில் ஓர் அலையை அனுப்பி, எவ்வளவு திரும்பி வருகிறது என்று டைரக்‌ஷனல் கப்ளர் (திரும்பும் அலையைத் தனியே பிரித்தெடுக்கும் உறுப்பு) வழியாகப் பார்க்கிறது. பொருத்தமான ஆன்டெனா பெரும்பகுதியை விழுங்கிவிடும், திறந்த முனை எல்லாவற்றையும் திருப்பி அனுப்பும். அனுப்பியதற்கும் திரும்பியதற்கும் உள்ள வித்தியாசம்தான் ரிட்டர்ன் லாஸ், எண் பெரிதானால் நல்லது. அதையே வேறு அளவுகோலில் சொல்வது விஎஸ்டபிள்யூஆர், 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. 1.5 என்றால் 14 டெசிபல், 4 சதவீதம் திரும்புகிறது. 2 என்றால் 9.5 டெசிபல், 11 சதவீதம். 3 என்றால் 6 டெசிபல், 25 சதவீதம்.

ஆன்டெனாவுக்குள் ரெசிஸ்டர் இருக்கிறதா இல்லையா என்ற தகராறே இதில் கிடையாது. டிசிக்குத் தெரியாத ஷார்ட்டும் இதில் சிக்கும், ஏனென்றால் ஷார்ட்டும் ஓப்பன் போலவே முழு அலையையும் திருப்பும். தப்பான அலைவரிசை ஆன்டெனாவும் பெரும்பாலும் சிக்கும். இந்தியாவில் உரிமம் வேண்டாத பட்டை 865–868 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 902–928. இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று அமெரிக்கப் பட்டை ஆன்டெனாவை வாங்கி இங்கே மாட்டினால், டிசி சோதனை ‘இருக்கிறது’ என்று முடித்துக்கொள்ளும். அலைச் சோதனை முகம் சுளிக்கும்.

இவ்வளவு நல்ல வழியின் பலவீனம் கேபிளில் இருக்கிறது. அலை போகும்போதும் வரும்போதும் கேபிள் கொஞ்சம் தின்னும். கேபிளின் இழப்பு ஒருவழிக்கு எவ்வளவோ, அதன் இரு மடங்கு ரிட்டர்ன் லாஸில் கூடிவிடும். 10 மீட்டர் கேபிளின் மறுமுனையில் ஆன்டெனாவே இல்லாதபோது ரீடருக்குத் தெரிவது ஏறக்குறைய இது:

| கேபிள், 10 மீட்டர் | ஒருவழி இழப்பு (டெசிபல்) | ஆன்டெனா இல்லாதபோது ரிட்டர்ன் லாஸ் (டெசிபல்) | அது தரும் விஎஸ்டபிள்யூஆர் |
|---|---|---|---|
| எல்எம்ஆர்-400 | 1.3 | 2.6 | 6.7 |
| எல்எம்ஆர்-240 | 2.5 | 5 | 3.6 |
| எல்எம்ஆர்-195 | 3.6 | 7.2 | 2.5 |
| ஆர்ஜி-58 | சுமார் 5 | சுமார் 10 | சுமார் 1.9 |

கடைசி வரியை நிதானமாகப் படியுங்கள். மெல்லிய கேபிளில் 10 மீட்டர் தள்ளி ஆன்டெனா இல்லாமலே, ரீடருக்கு விஎஸ்டபிள்யூஆர் 2-க்கும் கீழே ஒரு ‘ஆன்டெனா’ தெரிகிறது. ரீடர் 6 டெசிபலை எல்லையாக வைத்திருந்தால் எல்எம்ஆர்-195 கூட அதை ஏமாற்றிவிடும்.

பழி கேபிள் மேல் மட்டும் இல்லை. நல்ல ஆன்டெனா மாட்டினாலும் அதே இரு மடங்கு கூடத்தான் செய்கிறது. எல்எம்ஆர்-240 கேபிளில் விஎஸ்டபிள்யூஆர் 1.5 ஆன்டெனா 19 டெசிபல் காட்டும், கழற்றினால் 5. வித்தியாசம் அப்படியே 14. எல்லாக் கேபிளுக்கும் ஒரே எல்லை அளவு வைப்பதுதான் தவறு. ரீடர் எல்லையை மாற்ற விட்டால், நிறுவும் நாளிலேயே ஒவ்வொரு போர்ட்டிலும் ஆன்டெனாவோடு ஒரு அளவு, ஆன்டெனா முனையில் கழற்றி ஒரு அளவு எடுத்து, இரண்டுக்கும் நடுவில் எல்லையை வையுங்கள். ரீடர் முனையில் கழற்றி அளப்பது உதவாது, அது கேபிளையும் சேர்த்துக் கழற்றிவிடும். எல்லையை மாற்ற விடாத ரீடர் என்றால், தடித்த கேபிள் அல்லது குட்டைக் கேபிள். வேறு வழியில்லை.

கேபிளுக்குள் தண்ணீர் இறங்கினால் நடப்பது இன்னும் வேடிக்கை. இழப்பு கூடும், திரும்பி வரும் அலை குறையும், ரிட்டர்ன் லாஸ் முன்னைவிட *நன்றாக* ஆகிவிடும். மழைக்காலத்தில் எண்கள் மெதுவாக ‘முன்னேறினால்’ சந்தோஷப்படாதீர்கள்.

வட்ட முனைவாக்க (அலை சுழன்றபடி போகும்) ஆன்டெனாக்களில் இன்னொரு கண்கட்டு இருக்கிறது. பலவற்றில் அலையை இரண்டாகப் பிரித்து 90 டிகிரி தள்ளி ஊட்ட ஒரு ஹைப்ரிட் இருக்கும். பேட்ச்சிலிருந்து இரு வழியிலும் சமமாகத் திரும்பும் அலையை ஹைப்ரிட் தன் நான்காவது முனையிலுள்ள 50 ஓமில் கொட்டிவிடும். ஊட்டுமுனையில் எல்லாம் அழகாகத் தெரியும். ஆன்டெனா முன்னே இரும்புத் தகடு சாய்த்து வைத்திருந்தாலும் ரீடருக்குப் பெரிதாக உறைக்காது. ஹைப்ரிட் இல்லாத ஆன்டெனாவில் நேர்மாறு: முன்னே ஃபோர்க்லிஃப்ட் நின்றாலே ரிட்டர்ன் லாஸ் சரிந்து வீண் அலாரம் அடிக்கும். ஒரு தடவை எல்லை தாண்டியதும் போர்ட்டை மூடும் ரீடர் வாசலுக்கு உதவாது. மூன்று நான்கு தடவை தொடர்ந்து தவறினால்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஸ்ப்ளிட்டர், 10 டெசிபல் அட்டென்யுவேட்டர் எல்லாம் இங்கேயும் ஏமாற்றுபவைதான். அட்டென்யுவேட்டர் மட்டுமே 20 டெசிபல் ரிட்டர்ன் லாஸ் தந்துவிடும், பின்னால் எதுவும் இல்லாமலே. இடிதாங்கிகள் மட்டும் இங்கே தொந்தரவு செய்யாது, தங்கள் பட்டைக்குச் சரியானவையாக இருந்தால்.

எங்கே பொருத்தம்: பல நிறுவனங்களின் ஆன்டெனாக்களைக் கலந்து மாட்டும் இடம். வெளிவாசல், சுங்கச்சாவடி போலத் தரையோடு சேர்ந்த ஆன்டெனாவும் இடிதாங்கியும் தவிர்க்க முடியாத இடம். முழு சக்தியில் ஓடும் ரீடர்.

## 3. காவல் டேக்

மூன்றாவது வழி ரீடரின் மின்சுற்றில் எதையும் கேட்பதில்லை. ஒவ்வொரு ஆன்டெனாவின் பார்வையிலும் எண் தெரிந்த ஒரு டேக்கை நிரந்தரமாக ஒட்டிவிடுகிறோம். அது படிக்கப்பட்டுக்கொண்டே இருந்தால் ஆன்டெனா, கேபிள், ரீடர், நெட்வொர்க், மென்பொருள் அனைத்தும் உயிரோடு இருக்கின்றன. ஆன்டெனா திரும்பிக்கொண்டதையும், தண்ணீர் புகுந்த கேபிளையும் நான்கு வழிகளில் இது ஒன்றுதான் நம்பகமாகப் பிடிக்கும்.

டேக்குக்குச் சில ரூபாய்தான். செலவு மற்ற இடங்களில் வரும்.

முதலாவது செஷன், அதாவது ‘என்னைப் படித்தாயிற்று’ என்பதை டேக் நினைவில் வைக்கும் முறை. ரீடரும் டேக்கும் பேசும் ஜென்2 நெறிமுறையில் எஸ்2, எஸ்3 செஷன்களில், ஒருமுறை படிக்கப்பட்ட டேக் மின்சக்தி கிடைத்துக்கொண்டிருக்கும்வரை மறுபடி பதில் சொல்லாது. வாசலில் சரக்கு டேக்குகளுக்கு அது நல்ல ஏற்பாடு, காவல் டேக்குக்கோ அது மௌன விரதம். காலையில் ஒருமுறை ‘ஆஜர்’ சொல்லிவிட்டு நாள் முழுவதும் அமைதி. மென்பொருள் அதை ஆன்டெனாப் பழுது என்று எடுத்துக்கொள்ளும். தீர்வு: சில நிமிடங்களுக்கு ஒருமுறை, காவல் டேக்கை மட்டும் வடிகட்டி எஸ்0 செஷனில் தனியாக ஒரு சிறு சுற்று ஓட்டுவது.

இரண்டாவது, பக்கத்து ஆன்டெனா அதே டேக்கைப் படித்துவிடுவது. டேக் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, எந்த ஆன்டெனா எண் வழியாக வந்தது என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். அதேபோல் டேக்கை ஆன்டெனாவின் மூக்கில் ஒட்டாதீர்கள். அவ்வளவு அருகில் பாதி செத்த கேபிளும் படித்துவிடும். ரீடர் சக்தியை ஒவ்வொரு டெசிபலாகக் குறைத்துக்கொண்டே வந்து, டேக் மறையும் சக்தியைக் குறித்து வையுங்கள். வழக்கமான சக்திக்கு 4 முதல் 6 டெசிபல் கீழே மறையும் இடம்தான் நல்ல இடம். மாதம் ஒருமுறை இதே சோதனையை நடத்தி அந்த எண் 2, 3 டெசிபல் ஏறியிருந்தால், கனெக்டர் துருப்பிடிப்பதையோ கேபிளில் ஈரம் ஏறுவதையோ முழுதாகச் சாகும் முன்பே பிடித்துவிடலாம். ஆர்எஸ்எஸ்ஐ (டேக்கிலிருந்து வரும் சிக்னலின் வலிமை) எண்ணையும் பாருங்கள். கேபிள் இழப்பு 1 டெசிபல் கூடினால் போகும்போது ஒன்றும் வரும்போது ஒன்றுமாக அது ஏறக்குறைய 2 குறையும்.

மூன்றாவது மனிதர்கள். சுத்தம் செய்கிறவர் ஸ்டிக்கர் என்று உரித்துவிடுவார். வாசலில் சரக்கு நின்றால் மறைக்கும். தட்டையான தாள் டேக்கை இரும்புத் தூணில் ஒட்டினால் படிக்கவே படிக்காது, உலோகத்துக்கான கெட்டி டேக் வேண்டும். ஆகவே ஒரு தடவை காணோம் என்றதும் அலாரம் வேண்டாம். வாசல் காலியாக இருக்கும் நேரத்தில் பத்து நிமிடம் தொடர்ந்து வராவிட்டால் மட்டும்.

ஆம்ப்ளிஃபையரை இது துளியும் காப்பாற்றாது. தெரியவரும்போது அலை ஏற்கெனவே திறந்த போர்ட்டில் மோதிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

எங்கே பொருத்தம்: படிக்காமல் விட்ட ஒவ்வொரு டேக்குக்கும் பணம் போகும் இடம். ஆள் எளிதில் ஏறிப் பார்க்க முடியாத உயரம். மேலே சொன்ன இரண்டில் ஒன்றுக்குத் துணையாக, தனியாக அல்ல.

## 4. கையால் குறித்துவிடுவது

ரீடர் எதையும் சோதிக்காது. ‘போர்ட் 1, 2 இருக்கின்றன’ என்று அமைப்பில் எழுதிவிட்டால் அப்படியே நம்பும். கேலியாகத் தோன்றினாலும், ஆன்டெனா ரீடருக்குள்ளேயே பதிந்திருக்கும் கைக்கருவிகளிலும், லேபிள் பிரிண்டர்களிலும், ஒற்றை ஆன்டெனாவைப் பெட்டிக்குள் திருகி மூடிய சுயசேவை மேசைகளிலும் இதுதான் சரி. கழலாத இணைப்புக்குக் கழலும் சோதனை எதற்கு. பெரிய வாசலில் இதைச் செய்வதானால், ஆம்ப்ளிஃபையர் திறந்த போர்ட்டைத் தாங்கும் என்று ஆவணத்தில் எழுதியிருக்க வேண்டும், காவல் டேக்கும் இருக்க வேண்டும்.

## பக்கத்தில் பக்கம்

| | டிசி மின்தடை | திரும்பும் அலை | காவல் டேக் | கையால் |
|---|---|---|---|---|
| கனெக்டர் கழன்றது | பிடிக்கும் | கேபிள் இழப்பு குறைவென்றால் பிடிக்கும் | பிடிக்கும் | இல்லை |
| கேபிள் ஷார்ட் | 0 ஓமைப் பிரித்தறியும் ரீடர் மட்டும் | பிடிக்கும் | பிடிக்கும் | இல்லை |
| தண்ணீர் புகுந்தது | அரிது | இல்லை, நன்றாகவே காட்டும் | பிடிக்கும் | இல்லை |
| தப்பான பட்டை ஆன்டெனா | இல்லை | பெரும்பாலும் பிடிக்கும் | சக்திச் சோதனை செய்தால் | இல்லை |
| ஆன்டெனா திரும்பியது | இல்லை | இல்லை | பிடிக்கும் | இல்லை |
| ஆன்டெனா தேர்வு | கட்டுப்படும் | ஏறக்குறைய எதுவும் | எதுவும் | எதுவும் |
| ஆம்ப்ளிஃபையர் பாதுகாப்பு | கழன்ற போர்ட்டில் முழுமை | நல்லது | இல்லை | இல்லை |
| மறைந்த செலவு | இடிதாங்கி, ஆன்டெனா மாற்றுவது | நல்ல கேபிள், போர்ட்டுக்குப் போர்ட் எல்லை அளவு | மென்பொருள் வேலை, பராமரிப்பு | பின்னால் வரும் சரக்குக் கணக்கு |

## இடத்துக்கு இடம்

நான்கு ஆன்டெனா, 8 முதல் 10 மீட்டர் கேபிள் கொண்ட கிடங்கு வாசலுக்கு: அலையை அளக்கும் ரீடர், எல்எம்ஆர்-240 அல்லது அதைவிடத் தடித்த கேபிள், ஆன்டெனாவுக்கு ஒரு காவல் டேக். எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்தில் வாங்குவதாக இருந்தால் டிசி ரீடரும் குறையில்லை, காவல் டேக்கை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

வெயிலிலும் மழையிலும் நிற்கும் வாகன வாசலுக்கு டிசி சோதனையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இடிக்காகத் தரையோடு சேர்ந்த ஆன்டெனா வேண்டும், டிசி ரீடருக்கோ 10 கிலோஓம் வேண்டும். இந்த இரண்டும் ஒத்துப்போகாது, கடைசியில் யாராவது கண்டறிதலை நிறுத்திவிட்டுப் போவார்கள்.

ஹப் வைத்து ஒரு போர்ட்டில் எட்டு ஆன்டெனாவைப் பிரிக்கும் பெரிய அலமாரிகளில், ரீடர் பார்ப்பது ஹப்பைத்தான். ஹப்புக்கு அப்பால் ஒவ்வொரு ஆன்டெனாவையும் தனித்தனியாகச் சோதிக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் அலமாரி ஒவ்வொன்றிலும் காவல் டேக்.

யூஎச்எஃப் அல்லாதவற்றில் கதை சுருக்கம். 13.56 மெகாஹெர்ட்ஸிலும் 125 கிலோஹெர்ட்ஸிலும் ஆன்டெனா ஒரு கம்பிச்சுருள், சோதனை அனேகமாகச் சிப்புக்குள்ளேயே இருக்கும். பிஎன்532 சிப்பில் டயக்னோஸ் கட்டளையின் 07 எண் சோதனை ஆன்டெனாவைத் தானே பார்க்கும். எச்டிஆர்சி110 சிப் சுருள் அறுந்ததையும் ஷார்ட் ஆனதையும் ஒரு நிலைப்பிட்டில் சொல்லும். அங்கே தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை, அந்தப் பிட்டைப் படிக்க நிரலில் ஒரு வரி எழுதினால் போதும்.

கனெக்டர் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. டிஎன்சி, ஆர்பி-டிஎன்சி இரண்டுக்கும் திருகு ஒன்றே, நடுவில் மட்டும் ஊசியும் துளையும் இடம் மாறியிருக்கும். கலந்து மாட்டினால் திருகு இறுகிவிடும். இரண்டு பக்கமும் துளை என்றால் கம்பி தொடவே தொடாது, இரண்டும் ஊசி என்றால் முட்டி வளையும். ‘நன்றாக இறுக்கித்தான் மாட்டினேன்’ என்ற புகார்களில் இதையும் ஒருமுறை பாருங்கள்.

## ரீடர் கண்டுபிடித்ததை யாருக்குச் சொல்கிறது

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் எல்எல்ஆர்பி (ரீடரும் மென்பொருளும் பேசிக்கொள்ளும்) நெறிமுறையில் ஓடும் ரீடரில் இரண்டு அமைப்புகளைச் சரிபாருங்கள். முதலாவது, ஆன்டெனா நிகழ்வு அறிவிப்பு. அதன் எண் 8. மென்பொருள் கேட்டு வாங்கினால்தான் வரும். கேட்காவிட்டால் ரீடர் கண்டுபிடித்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளும். அறிவிப்பில் 0 வந்தால் ஆன்டெனா கழன்றது, 1 வந்தால் மாட்டப்பட்டது. அமைப்பைக் கேட்கும் செய்தியில் ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் ‘இணைந்திருக்கிறதா’ என்ற புலமும் உண்டு, ஒரு நாளைக்கு ஒருமுறை கேட்டு எழுதி வைக்கலாம்.

இரண்டாவது இன்னும் நயவஞ்சகமானது. படிக்கும் வேலையில் ஆன்டெனா எண் 0 என்று கொடுத்தால் ‘எல்லா ஆன்டெனாவும்’ என்று பொருள். கண்டறிதல் உள்ள ரீடர் அதை ‘இருக்கிற எல்லா ஆன்டெனாவும்’ என்று எடுத்துக்கொண்டு, கழன்றதைச் சத்தமில்லாமல் சுற்றிலிருந்து விலக்கிவிடலாம். பிழைச் செய்தி கிடையாது, மீதி மூன்று ஆன்டெனா முன்னைவிடக் கொஞ்சம் வேகமாகக்கூடப் படிக்கும். வாசலில் நான்கு ஆன்டெனா என்றால் 1, 2, 3, 4 என்று எண்ணிட்டே கொடுங்கள். பிறகு ஒரு தடவை, எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது, சக்தியைக் குறைத்துவிட்டு மூன்றாவதை ஆன்டெனா முனையில் கழற்றுங்கள். யாருடைய கைபேசியில் எத்தனை நிமிடத்தில் செய்தி வருகிறது என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள்.